பதினான்கு அங்குலம்

அன்புள்ள நெட்டைக்கு,

உன் ஊசி எழுதிக்கொள்வது. நானும் பட்டாசுப் பயலும் இங்கே சுகம். உன் சுகத்தை விசாரித்தால் உன் மகள் "பரவாயில்லை மாமா" என்று ஒரே பாட்டைத்தான் பாடுகிறாள். தொலைபேசியில் உன்னைக் கூப்பிட்டால் நாலு வார்த்தைக்குள் இருமல் வந்துவிடுகிறது, பேசவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். இருபத்து மூன்று வருஷம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே ஊர்க்கதை பேசியவனுக்கு இப்படி ஒரு தண்டனையா! சரி, நீ பேசாதே, நான் பேசுகிறேன். என் கையெழுத்து புரியாவிட்டால் மகளைப் படிக்கச் சொல். திட்டு வரும் இடங்களை அவள் தாண்டிக்கொள்ளட்டும்.

வண்டி விஷயத்துக்கு வருகிறேன். நீ வைத்தியத்துக்கு மகள் வீட்டுக்குக் கிளம்பும்போது, நாம் மூவரும் ஏலத்தில் எடுத்த அந்தப் பழைய பேருந்து காகிதக் கிடங்குக்காரரின் கொட்டகையில் இருக்கைகளோடு அப்படியே கிடந்தது. இப்போது வந்து பார்த்தால் நீ ஓட்டிய பேருந்து என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டாய். இருக்கைகள் முப்பத்தெட்டையும் கழற்றியாகிவிட்டது. பணிமனையில் வேலையில் இருந்தபோது அவற்றுக்கு உறை தைத்தவன் நான், பிரித்தவனும் நானே. அடியில் கிடைத்தவை: ஏழு சீப்பு, ஒரு ஒற்றைச் செருப்பு, ஒரு பல்செட்டு. பல்லை மறந்துவிட்டு இறங்கிப் போன மனிதர் வீட்டில் எப்படித்தான் சாப்பிட்டாரோ தெரியவில்லை. பட்டாசு அதைக் கழுவி டாஷ்போர்டில் வைத்திருக்கிறான். எடுத்தெறிடா என்றால் கேட்கமாட்டேன் என்கிறான்.

பின்பக்கம் அடுப்பும் பாத்திரம் கழுவும் தொட்டியும் வந்துவிட்டன. இடது ஓரமாக எனக்கும் அவனுக்கும் மேலும் கீழுமாக இரண்டு படுக்கை. வலது ஓரம் முழுக்க உன்னுடையது. ஆறடி நாலு அங்குலத்துக்குக் கால் மடக்காமல் படுக்க ஒரு படுக்கை போட்டால் மற்ற இருவரும் ஒடுங்கித்தான் போகவேண்டும். ஒடுங்கிவிட்டோம்.

இதையெல்லாம்விடப் பெரிய சங்கதி ஒன்று இருக்கிறது. நீ வந்த பிறகு காட்டலாம் என்று பட்டாசு சொன்னான். எனக்கு வாய் நிற்கவில்லை. நீ அந்த வண்டிக்குள் எழுந்து நிற்கும்போதெல்லாம் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு நின்றதை இத்தனை வருஷம் பார்த்தோம். அதனால் கூரையை உயர்த்திவிட்டோம். ஜன்னல் தூண்களை நடுவில் அறுத்து, நாலு ஜாக்கி கொடுத்துக் கூரையை அப்படியே மேலே தூக்கி, இடையில் இரும்புக் குழாய்த் துண்டுகளை வைத்துப் பற்றவைத்திருக்கிறான் நம் வெல்டர் பட்டாசு. பதினான்கு அங்குலம். மூன்று வாரம் பிடித்தது. உன் அளவை நான்தான் சொன்னேன், தொப்பியோடு சேர்த்து. இனிமேல் நீ உள்ளே நிமிர்ந்து நடக்கலாம், கையைத் தூக்கிச் சோம்பலும் முறிக்கலாம்.

இனி நீ வருவதுதான் பாக்கி. கனரக வண்டி ஓட்டத் தெரிந்தவன் நீ ஒருவன்தான். தினமும் கடைசி நிறுத்தத்தில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தவன், அதற்கு அப்பால் அந்தச் சாலை எங்கே போகிறது என்று ஒரு நாளாவது பார்க்கவேண்டும் என்பாயே. பார்த்துவிடலாம். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடு. மகளிடம் சிடுசிடுக்காதே.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்,
ஊசி

*

அன்பு மகளுக்கு,

ஊசி மாமா எழுதுகிறேன். உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. கொட்டகையில் நின்றபடியே படித்தேன். பிறகு பட்டாசு மாமாவிடம் கொடுத்தேன். அவன் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு இரண்டாம் பக்கத்தைத் திருப்பாமலேயே மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

நுரையீரலுக்கு இனிமேல் செய்வதற்கு எதுவும் இல்லை என்று மருத்துவர் சொன்னதை நீ தனியாகக் கேட்டு, தனியாகச் சுமந்துகொண்டு, அப்பாவின் முன்னால் சிரித்துக்கொண்டும் இருக்கிறாய். அப்பா உன்னைத் தூக்கிக்கொண்டு பணிமனைக்கு வந்த நாட்கள் நினைவுக்கு வருகின்றன. உனக்கு என்ன ஆறுதல் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை அம்மா. அப்பாவுக்குச் சொல்லவேண்டாம் என்று கேட்டிருக்கிறாய். எங்கள் வாயிலிருந்து வராது.

நீ கேட்ட மற்றொரு விஷயம்தான் எங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது. அப்பா வேறு எதையும் கேட்பதில்லை, வண்டியைப் பற்றி மட்டும்தான் கேட்கிறார், அவரால் உட்கார முடிகிற இந்தச் சில வாரங்களுக்குள் ஓர் ஓட்டுநரை வைத்தாவது வண்டியை இங்கே கொண்டுவர முடியுமா, ஆக்சிஜன் இயந்திரத்தோடு படுக்கவைத்து அந்தச் சாலையைக் காட்டிவிடலாமா என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த அரை மணி நேரத்தில் பட்டாசு மாமா அந்த இயந்திரத்துக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று விசாரித்து, பேட்டரியை இரட்டிப்பாக்கக் கிளம்பிவிட்டான். நான் பழைய சக ஓட்டுநர் ஒருவரைப் பிடித்துச் சம்மதிக்கவைத்தேன். அவர் இன்று காலை வந்து வண்டியை முடுக்கினார். ஒரே முடுக்கில் கிளம்பியது. கொட்டகையின் கதவுகளை விரியத் திறந்துவிட்டோம்.

அப்போதுதான் அவர் இறங்கி வந்து, வாசலை அண்ணாந்து பார்த்து, "என்னப்பா இது, இது எப்படி வெளிய போகும்?" என்றார்.

உள்ளே வரும்போது கூரைக்கும் வாசல் உத்தரத்துக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து அப்பாதான் பின்பக்கமாக ஓட்டி உள்ளே நிறுத்தினார். அதற்கு மேல் நாங்கள் பதினான்கு அங்குலம் உயர்த்தியிருக்கிறோம். எங்கள் இருவரில் ஒருவன்கூட அந்த வாசலை அளக்கவில்லை. நான் அளந்ததெல்லாம் உள்ளே: படுக்கை, திரை, மெத்தை, உன் அப்பாவின் உயரம். பட்டாசு அளந்தது இரண்டு இரும்பு ஒட்டும் இடத்தை. வண்டிக்கு வெளியே பாலம் இருக்கிறது, மரக்கிளை இருக்கிறது, வாசல் இருக்கிறது என்று நினைப்பவர் எங்கள் மூவரில் உன் அப்பா ஒருவர்தான். அவர் இங்கே நின்றிருந்தால் ஜாக்கியைக் கையில் எடுக்கும்போதே கேட்டிருப்பார். அவருக்காகச் செய்த வேலையில் அவர் இல்லாமல் போனதால் வந்த வினை இது.

"அளவெல்லாம் நீதானே பாத்த" என்று பட்டாசு என்மேல் பாய்ந்தான். "கூரையத் தூக்கினது யாரு" என்று நான் அவன்மேல் பாய்ந்தேன். வந்த ஓட்டுநர் பாவம், நடுவில் நின்று திருதிருவென்று விழித்தார். சண்டை போடுவதற்கும் எங்களிடம் தெம்பில்லை என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிட்டது.

பிறகு எல்லாம் முயன்று பார்த்தோம். டயர்களின் காற்றை இறக்கினோம், போதவில்லை. சக்கரங்களையே கழற்றி உருளையில் இழுக்கலாம் என்றால் வெளியே தெரு மேடாக இருக்கிறது, ஏறும்போது அடிவயிறு தரையில் உட்கார்ந்துவிடும். உத்தரத்தை இடிக்கலாமா என்று கிடங்குக்காரரிடம் கேட்டேன். அவர் தங்கமான மனிதர், கையைப் பிசைந்தார். மாடியில் நிற்கும் காகிதக் கட்டுகள் அத்தனையும் அந்த உத்தரத்தின் மேல்தான் நிற்கின்றன, எடுத்தால் கட்டடமே உட்கார்ந்துவிடும் என்றார். அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

மிச்சம் இருப்பது ஒரே வழி. கூரையை மறுபடியும் அறுத்து இறக்கவேண்டும். பத்து நாள் ஆகும் என்கிறான் பட்டாசு. அதற்கு மேல் இரண்டு நாள் பயணம். அந்தப் பன்னிரண்டு நாள் நம்மிடம் இருக்கிறதா அம்மா? எனக்கு நேராகப் பதில் எழுது. மென்று முழுங்காதே.

இந்த வாசல் கதையை அப்பாவிடம் சொல்லாதே. வண்டி தயாராகிக்கொண்டே இருக்கிறது என்று மட்டும் சொல். நாளைக் காலை அறுக்க ஆரம்பிக்கிறோம்.

நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. உனக்கு எங்கள் ஆசி எப்போதும் உண்டு.

உன் மாமா

*

அன்புள்ள நெட்டைக்கு,

உன் துண்டுச் சீட்டு இன்று காலை வந்தது. உறையில் மகளின் கையெழுத்து, உள்ளே உன்னுடையது. நாலே வரியை எத்தனை நாள் எழுதினாய்? ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் பேனா மாறியிருக்கிறது.

நீ எழுதியதை இங்கே அப்படியே திருப்பி எழுதுகிறேன், நான் சரியாகத்தான் படித்தேனா என்று நீயே பார்த்துக்கொள். "கூரைய ஒசத்தினீங்களே, கொட்டகை வாசல அளந்தீங்களா? அளந்திருக்க மாட்டீங்க. அத அறுக்காதீங்க. நான் வரமாட்டேன்னு எனக்குத் தெரியும், அவகிட்ட எதுவும் கேக்காதீங்க."

அட பாவி! முன்னூறு மைலுக்கு அப்பால் மூக்கில் குழாயோடு படுத்துக்கொண்டு, நான் எழுதிய கடிதத்தைக் கேட்டதுமே வாசலைப் பார்த்துவிட்டாய். நாங்கள் இரண்டு பேர் அந்த வாசல் வழியாகவே தினமும் டீ குடிக்கப் போய்வந்தோம். சிரிப்பு வந்தது. பட்டாசும் சிரித்தான். கடைசி வரிக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

நீ சொல்வதற்குள் நாலு தூண் அறுத்தாகிவிட்டது. ஐந்தாவதில் அறுப்பு இயந்திரத்தை வைத்த பட்டாசு உன் சீட்டைக் கேட்டதும் இயந்திரத்தை அணைத்துவிட்டு வண்டிக்குள் ஏறி, உன் படுக்கையில் போய் உட்கார்ந்துகொண்டான். நாற்பது வருஷம் பணிமனையில் அவன் கத்தாத நாளே கிடையாது, அதற்காகத்தானே பட்டாசு என்று பேர் வைத்தோம். இன்று கூப்பிட்டதற்கு, "அவன் சொல்றதுதான் சரி, விடுடா" என்று மட்டும் சொன்னான். கூரையின் ஒரு மூலை சங்கிலியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. இறக்கவும் மனம் வரவில்லை, ஏற்றவும் வரவில்லை.

உனக்குத் தெரியாது என்று நாங்களும் உன் மகளும் நினைத்துக்கொண்டிருந்தோம். எங்களுக்குத் தெரியாது என்று நீ நினைத்துக்கொண்டிருந்தாய். நல்ல கூட்டம்! இனி மறைக்க ஒன்றும் இல்லை, அதனால் என் மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். கூரைக்கு நாங்கள் செலவழித்த அந்த மூன்று வாரம் இருந்திருந்தால், போன மாதமே வண்டி உன் மகள் வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கும். அப்போது நீ நடந்துகொண்டிருந்தாய். குனிந்தபடி ஏறியிருப்பாய், குனிந்தபடி ஓட்டியும் இருப்பாய். இருபத்து மூன்று வருஷம் குனிந்தவனுக்கு இன்னும் நாலு நாள் குனிவதில் என்ன வந்துவிடப்போகிறது? உனக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்து உன் நாட்களைத் தின்றுவிட்டோம். இதை எப்படிச் சரிசெய்வது என்று எனக்குத் தெரியவில்லை. எங்களை மன்னித்துவிடு என்று கேட்கவும் வாய் வரவில்லை, நீ உடனே மன்னித்துவிடுவாய், அதுதான் தாங்கமுடியாது.

ஆனால் "வரமாட்டேன்" என்று எழுத உனக்கு யாரடா உரிமை கொடுத்தது? அந்த ஒரு வார்த்தைக்காக உன்மேல் எனக்கு அசாத்தியக் கோபம். நேரில் வந்துதான் அதைத் தீர்த்துக்கொள்ளவேண்டும்.

அதனால் வருகிறோம். வண்டி வராது, நாங்கள் வருகிறோம். மதியமே ரயில் நிலையத்துக்குப் போய் வரிசையில் நின்றோம். வெள்ளிக்கிழமை இரவு வண்டிக்கு முன்னால் இடம் இல்லை என்றுவிட்டார்கள். பட்டாசு நின்றுகொண்டே வருகிறேன் என்று சாளரத்தில் தலையை விட்டுக் கெஞ்சினான். அந்தப் பெண் பாவம், பலமுறை தேடிப் பார்த்தாள், இல்லை. நடுவில் ரயில் மாறி, சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு உன் ஊரில் இறங்குவோம். இந்தக் கடிதம் விரைவுத் தபாலில் எங்களுக்கு ஒரு நாள் முன்னால் உன் கைக்கு வந்துவிடும். மகளுக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். இருந்தாலும் எழுத்தில் உன் பக்கத்தில் ஏதாவது இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அந்தக் கடைசி நிறுத்தத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து சொல்லலாமா என்று நினைத்து, இன்று சாயங்காலம் நானும் அவனும் ஊர்ப் பேருந்தில் அங்கே போய் இறங்கினோம். மேற்கொண்டு நடக்கவும் ஆரம்பித்தோம். கொஞ்ச தூரம் போனதும் பட்டாசு நின்றுவிட்டான். நெட்டை பார்க்காததை நாம் பார்க்கவேண்டாம் என்றான். திரும்பிவிட்டோம். அதனால் உனக்குச் சொல்ல எங்களிடம் புதிதாக எந்தச் சேதியும் இல்லை.

நீ எங்களை எதிர்கொண்டு வரவேண்டாம். எழுந்து உட்காரவேண்டாம். பேசவே வேண்டாம், பேச்சை எங்களிடம் விட்டுவிடு. மருந்து கசந்தால் துப்பிவிடாதே. இரவு மூச்சு முட்டினால் மகளை எழுப்ப யோசிக்காதே, அவள் தூங்கட்டும் என்று பெரிய மனது பண்ணாதே. இன்று புதன். நடுவில் இரண்டு முழு நாள்தான், அதற்கு அடுத்த நாள் சாயங்காலம். கண்டிப்பாக வந்துவிடுவோம். உன்னை நான் இதுவரை எதற்கும் கெஞ்சியதில்லை.

நாங்கள் வரும்வரை இருடா.

உன்,
ஊசி
(பட்டாசும் பக்கத்தில்தான் நிற்கிறான். இதையேதான் அவனும் சொல்லச் சொன்னான்.)