அரசமுது முன்னனுபவத் தலைமைக்குத் தேர்வான மருதத்தரையருக்கு

வளம் பெருகுக, வாள் ஓங்குக. செங்கானல் நாட்டின் ஏழு துறைகளுக்கும் உடையவளான பூங்கொற்றி மாதேவியாகிய நாம், கீழ்த்துறைக் கூற்றத்து அதிகாரி விடங்கன் மருதத்தரையருக்கு எழுதுவிக்கும் திருமுகம். உம் கூற்றத்தில் மழை தவறாது பெய்க. உம் மனையாளும் மக்களும் நலமே வாழ்க. உமக்கென்று தனியே வாழ்த்து எழுத ஓலையில் இடமில்லை.

எம் அரண்மனையில் ‘அரசமுது முன்னனுபவத் தலைமை’ என்றொரு பதவி காலியாயிருப்பதாக முரசறைவித்தோம். பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நீர் மூன்று நாள் வழியை ஒன்றரை நாளில் கடந்து வந்தீராம். குதிரை செத்துவிட்டதென்று கேள்வி.

எம் பாட்டனார் காலந்தொட்டு, குதிரைக்காரன் முதல் படைத்தலைவன் வரை எவர் வேலை கேட்டு வந்தாலும் கேட்கப்படுவன நான்கே கேள்விகள். எம் ஓலைநாயகம் கணிச்சியார் உம்மிடமும் அவற்றையே கேட்டார். சலித்துப்போன கேள்விகள் என்று நீர் முகம் சுளித்தீராம். மெய்தான், எமக்கும் சலிப்பே. ஆயினும் ஆயிரம் பேரிடம் அதையே கேட்டிருப்பதால், ஒருவன் எந்த இடத்தில் நழுவுகிறான் என்பது எமக்கு உடனே விளங்கிவிடுகிறது. சென்ற திங்கள் பொத்தி என்னும் குதிரைக்காரன், முன்னிடத்தை ஏன் விட்டாய் என்று வினவியதற்கு, முதலாளியைக் குதிரை உதைத்தபோது தான் சிரித்துவிட்டதாகச் சொன்னான். அன்றே லாயத்தை அவனிடம் ஒப்படைத்தோம்.

நீரோ, செய்த பணி யாது என்றதற்கு, பல்தரப்பு நோக்குகளை ஒருமுகப்படுத்தி மேல்நிலைக்கு நகர்த்தியதாக விடையளித்தீர். எதை நகர்த்தினீர் என்று கணிச்சியார் மறுபடி வினவ, நகர்வையே என்றீராம். உம் பிழை யாது என்றதற்கு, அளவுக்கு மீறி உழைப்பதே என்றீர். முன்னிடத்தை விடுவது ஏன் என்றதற்கு நீர் உரைத்தது இரண்டு நாழிகை நீண்டதால் அதை இங்கே எழுதவில்லை.

உம் பிழையை நாம் சொல்கிறோம், கேளும். ஈராண்டுக்கு முன் உம் கூற்றத்து வறட்கோடு என்னும் ஊரில் விளைச்சல் பொய்த்தது. ஊரார் உம் வாயிலில் வந்து பசிக்கிறது என்று அழுதனர். நீர் எமக்கு எழுதிய ஓலையிலோ, அவ்வூரார் தம் உணவுசார் எதிர்பார்ப்புகளை மறுசீரமைத்து வருகின்றனர் என்றிருந்தது. ஊர் தேறி வருகிறதென்று நம்பி, நெல் வண்டிகளை வேறு திசைக்குத் திருப்பிவிட்டோம். அறுபத்து நான்கு பேர் மாண்டனர். அந்த ஓலையை நம்பியவள் நாம் என்பதால் இன்றளவும் எமக்கு வெட்கமாயிருக்கிறது. உம்மீதுள்ள வெறுப்பு அதனினும் பெரிது.

நான்காவது கேள்வி, எம்மிடம் நீர் கேட்க வேண்டுவது உண்டோ என்பது. வழக்கப்படி அதை மும்முறை கேட்பித்தோம். வேலை என்ன, முன்னிருந்தவர் எங்கே என்று ஒரு சொல் கேட்டிருந்தாலும் உம்மைத் திருப்பி அனுப்பியிருப்போம். பதவியின் நோக்கோடு முழுதும் இசைந்திருப்பதால் கேட்க ஏதுமில்லை என்றீர். ஆகவே உம்மையே தேர்ந்தோம்.

வேலையை இப்போது பச்சையாகச் சொல்கிறோம். எமக்கு வரும் உணவில் எவனோ நஞ்சிடுகிறான். அவன் யாரென்று இன்னும் கண்டோமில்லை. ஒவ்வொரு கலத்திலிருந்தும் முதற்கவளத்தை நீர் உண்ண வேண்டும். ஒரு நாழிகை உம் முகத்தைப் பார்த்திருந்துவிட்டு நாம் உண்போம். முன்னிருந்தவர் மாங்காய்ப் பச்சடியோடு போனார். அவருக்கு முன்னிருந்தவர் வெறும் மோரில்.

நாம் இரக்கமற்றவர் அல்லோம். நஞ்சுமுறிக்கும் மருந்தோடு மருத்துவர் உம் அருகிலேயே நிற்பார். வலிக்கிறது என்று நீர் சொன்னால் மருந்தை உம் வாயில் வார்ப்பார். வேறு எந்தச் சொல்லுக்கும், எத்துணை அழகிய சொல்லாயினும், அவர் கை அசையலாகாது என்று கட்டளையிட்டிருக்கிறோம்.

இவ்வோலை கண்டவுடன், எம் விருந்தினர் மனையில் நீர் குளித்த ஈரம் காயுமுன் மடைப்பள்ளிக்கு வந்து சேர்க. இது எம் வாய்மொழி; கீழே எம் நண்டு முத்திரை. இன்று பகலுக்குப் பலாக்கொட்டைக் குழம்பு.