திராட்சைக்காரியின் கொழுப்பு மாத்திரை

பிப்ரவரி 10
கெட்ட கொழுப்பு 165. பழைய மாத்திரை போதவில்லையாம். கம்பத்து டாக்டர் மகிமா, ரெண்டு மருந்தை ஒன்றாகச் சேர்த்த புது மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒன்று கல்லீரல் கொழுப்பு உண்டாக்குவதைக் குறைக்குமாம். இன்னொன்று, சாப்பாட்டுக் கொழுப்பைக் குடல் உறிஞ்சாமல் தடுக்குமாம். "திராட்சைக்கு நாங்க ரெண்டு மருந்து கலந்து அடிக்கிற மாதிரிதான்" என்றேன். எனக்கா தெரியாது!

வீட்டுக்காரர் ஈஸ்வரபாண்டிக்குத்தான் முகம் செத்துவிட்டது. போன வருடம் என் தம்பி எங்கள் திராட்சைப் பந்தலுக்கடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன், எழுந்திருக்கவில்லை. ஐம்பதுகூட ஆகவில்லை. எனக்கும் பயம்தான். காட்டிக்கொள்வேனா?

பிப்ரவரி 16
ஞாயிறு. கறி இல்லை. "ஒனக்கில்லாதது எனக்கெதுக்கு?" என்று அவரும் கத்திரிக்காய்தான் தின்றார். அந்த மூஞ்சியைப் பார்க்கணுமே!

மே 12
98! "விடாம போடுங்க" என்றார் டாக்டர். படித்த பிள்ளை, ஒரு ஜாக்கிரதைக்குச் சொல்லும்.

மே 20
பழம் நிறம் ஏறியாச்சு. பழ வெட்டு நெருங்கினால் மருந்தடிப்பை நிறுத்துவதுதானே முறை? என் நோயும் போச்சு. தோட்டத்துக்கு நிறுத்தியதோடு நானும் மாத்திரையை நிறுத்திவிட்டேன்.

ஆகஸ்ட் 18
210!! எப்படி? வீட்டுக்காரர் மேல் பாய்ந்தேன். "நேத்து நீங்கதான தாளிச்சீக? எம்புட்டு எண்ணெய் ஊத்துனீக?" பாவம், திருதிருவென்று முழித்தார்.

ஆகஸ்ட் 19
டாக்டரிடம் சண்டைக்கே போனேன்.
"நீங்க எழுதுனது போலி மருந்து."
"கடைசியா எப்ப போட்டீங்க?"
"வெட்டுக்கு முன்னாடியே நிறுத்திட்டேன்ல. மருந்து உள்ள தங்கிரக் கூடாதுல்ல?"
டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, உங்கள யாரும் பெட்டியில அடுக்கி லாரியில ஏத்தப் போறதில்ல. நீங்க நிறுத்துனா கொழுப்பு திரும்ப ஏறத்தான் செய்யும்."

நர்ஸ் பொண்ணு விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. கூட வந்த வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்துதான் வாயைத் திறந்தார். "ஒன் தம்பிய நாந்தான் தூக்கிட்டு ஓடுனேன். ஒன்னையும் தூக்க வைப்பியாக்கும்?"

ச்சே. என்ன காரியம் செய்தேன்!

ஆகஸ்ட் 20
போட்டேன்.

நவம்பர் 17
96. "இன்னும் எம்புட்டு நாளைக்கு?" என்று கேட்டேன். "ஆயுசு முழுக்க" என்றார் டாக்டர். நான் முகத்தைச் சுளித்தேன்.

"அம்புட்டு வருசமும் இவளோடயா?" என்றார் என் வீட்டுக்காரர். டாக்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பஸ்ஸில் அவரிடம் மாத்திரைப் பையைக் கேட்டேன். தரவில்லை. எங்கள் ஊர் சுருளிப்பட்டி வரும்வரை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தார்.