மாடிக்குப் போகும் ஐந்து கேள்விகள்

இருங்காட்டுக்கோட்டை
மார்கழி பிறந்த வாரம்

ஸ்ரீமதிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம், நீ குவாஹாத்தியில் நல்லபடியாக இருக்கிறாய் என்று மாடி ரூம் இசக்கிசெல்வி சொல்லித் தெரிந்துகொண்டேன். போன மாதம் உனக்குக் காய்ச்சல் வந்ததும் அவள் சொல்லித்தான் தெரியும், அதுவும் வந்தபோது இல்லை, விட்ட பிறகு. நான் கிரைண்டரில் மாவு வழித்துக்கொண்டிருந்தேன், யம்மா, அக்காவுக்குக் காய்ச்சல் விட்டுட்டாம்லா என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே படியிறங்கி வந்தாள். எந்தக் காய்ச்சல், யாருக்கு என்று கேட்கவும் எனக்கு வெட்கமாக இருந்தது, ஆமாம் தெரியுமே என்று சொல்லிவிட்டு மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெற்றவளுக்கு வாடகைக்கு இருக்கிறவள் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றால் நான் எதற்கு இருக்கிறேன்.

போனில் பேசுவதை விட்டுவிட்டு இதென்ன கடிதம் என்று நீ கேட்பாய். போனில் நான் ரசத்துக்குப் புளி கரைத்தேன் என்று சொல்லி முடிப்பதற்குள் ஆபீஸர் கூப்பிடறாரும்மா, அப்பால பேசறேன் என்கிறாய். அந்த அப்பால எந்த நாளில் வருகிறது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் எங்கேயோ நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்து கம்பெனி அசெம்பிளி லைனில் நிற்கிற பெண்ணுக்குத் தினமும் போன் போட்டு ஐந்து கேள்வி கேட்க உனக்கு நேரம் இருக்கிறது. ஆடியில் லீவுக்கு வந்தபோது அவள் படிக்கட்டில் உட்கார்ந்து சர்வீஸ் கமிஷன் பரீட்சைக்குப் படிப்பதைப் பார்த்து, நடப்புச் செய்தி எல்லாம் நான் கேக்கறேன், நீ பதில் சொல்லு என்று நீயே வலியப் போய் ஒத்துக்கொண்டாய். ஒரு வாரம் கேட்பாய், விட்டுவிடுவாய் என்று நினைத்தேன். நீ விடவில்லை. அவளுக்கு ஏ ஷிப்ட்டு என்றால் சாயங்காலம் கூப்பிடுகிறாய், பி ஷிப்ட்டு என்றால் காலையில் நீ ஆபீஸ் கிளம்புமுன் கூப்பிடுகிறாய். அவளுக்கு எந்த வாரம் எந்த ஷிப்ட்டு என்று உனக்கு மனப்பாடம். கம்பெனி பஸ் ஓட்டுகிற உன் அப்பாவுக்கு இந்த வாரம் எந்த டிரிப் என்று சொல் பார்ப்போம். ஒரகடம் டிரிப்பிலிருந்து மாற்றிவிட்டார்கள், அது உனக்குத் தெரியாது.

உன் அப்பாவிடம் சொன்னால், பொண்ணு நல்லா கீதா இல்லியா, அத்தப் பாரு, யாராண்ட பேசினா இன்னா என்று சொல்லிவிட்டுக் குப்புறப் படுத்துத் தூங்கிவிடுகிறார். எனக்கு அப்படித் தூங்க முடியவில்லை. அவள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மாடிப்படியில் தலை வாரிக்கொண்டே பதில் சொல்லுவாள், நீ சிரிப்பது எனக்குக் கீழே சமையலறை வரை கேட்கும். என்னோடு பேசும்போது நீ அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. ஒருநாள் வேண்டுமென்றே தண்ணீர் மோட்டாரைப் போட்டேன், டேங்க் நிரம்பி வழிந்து தெருவே ஈரமானது. இன்னொரு நாள் மிக்ஸியில் ஒன்றுமே போடாமல் ஓட்டினேன். பேப்பர்காரன் போட்டுவிட்டுப் போகும் பேப்பரை அவள்தான் முதலில் எடுத்துப் பார்த்துவிட்டுத் தருவாள், இப்போதெல்லாம் நான் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறேன். அவள் யம்மா, படிச்சிட்டீயளா என்று வாசலில் நிற்பாள், இன்னும் இல்லை என்பேன். அப்படி வீம்புக்குப் படிக்கத் தொடங்கியதுதான், இப்போது ஊர் உலகத்துச் செய்தி எல்லாம் எனக்கு அத்துப்படி. வயிற்றெரிச்சல் என்று நீ சொல்லுமுன் நானே சொல்லிக்கொள்கிறேன், வயிற்றெரிச்சல்தான், அந்தப் பெண்ணின் மேல் எனக்குப் பொறாமைதான். அது நல்ல பெண், வாடகை கேட்கும்படி வைக்காது, எனக்குக் கால் வலி என்றால் மாடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டு வந்து தரும். நல்ல பெண்ணாக இருப்பதால் திட்டவும் முடியவில்லை, அதுதான் இன்னும் எரிகிறது.

உன் ஊரில் டெஸ்ட் மேட்ச் நடந்தபோது டிவியைப் போட்டு உட்கார்ந்தேன். எனக்குக் கிரிக்கெட்டில் ஒன்றும் புரியாது, கூட்டத்தைக் காட்டும்போதெல்லாம் உன் முகம் தெரிகிறதா என்று பார்த்தேன், அவ்வளவுதான். அங்கே சீக்கிரம் இருட்டிவிடுகிறது என்று முதலில் டீக்கு விட்டு அப்புறம்தான் சாப்பாட்டுக்கு விட்டார்களாம். நீயும் அப்படித்தான் டீயைக் குடித்துவிட்டுச் சோற்றைத் தள்ளிப்போடுகிறாயோ என்று எனக்குக் கவலை வந்துவிட்டது. அதை உன்னிடம் கேட்க நினைத்தேன், அன்றைக்கும் ஆபீஸர் கூப்பிட்டுவிட்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன புதன்கிழமை காலையில் நீ இசக்கிக்குப் போன் செய்தாய் இல்லையா, அவள் குரல் கம்மி இருந்தது இல்லையா, அது அவள் இல்லை. லைனில் ஒரு பெண் லீவு போட்டாள் என்று சூப்பர்வைசர் திடீரென்று அவளை ஏ ஷிப்ட்டுக்கு வரச் சொல்லிவிட்டார், விடியுமுன்னே பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டாள். அவள் ரூமில் பிளக் எரிந்துபோய்க் கிடக்கிறது, அதனால் போனை நம் ஹாலில்தான் சார்ஜ் போட்டிருந்தாள், எப்படியும் லைனுக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்களே என்று விட்டுவிட்டுப் போய்விட்டாள். அவள் பி ஷிப்ட்டு என்று நினைத்து நீ கூப்பிட்டாய். உன் பெயர் அவள் போனில் நம்ம அக்கா என்று எழுதி வந்தது. ரசக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். ஹலோ சொல்லுமுன்னே நீ முதல் கேள்வியைப் போட்டுவிட்டாய், இந்த வருஷம் அமைதிக்கான நோபல் எந்த நாட்டுப் பெண்ணுக்கு என்று. வெனிசுலா என்று என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. கரெக்ட்டுடி என்றாய். நீ என்னைப் பார்த்துக் கரெக்ட்டு என்று சொல்லி எத்தனை காலமாகிறது.

அப்புறம் எப்படி நிறுத்துவது. ஜி இருபது மாநாடு எங்கே என்றாய், தென்னாப்பிரிக்கா என்றேன், ஊரைச் சொல்லு என்றாய், வாயில் நுழையவில்லை, நீ பொறுமையாக ஜொகன்னஸ்பர்க் என்று இரண்டு தரம் சொல்லிக் கொடுத்தாய். பெண்கள் உலகக் கோப்பை ஃபைனல் நடந்த ஊர் மும்பை என்றேன், நவி மும்பைடி, பாதி மார்க்குதான் என்று சிரித்தாய். இன்னாடி, குரலே ஒரு மாதிரி கீது, சளி புட்ச்சிக்கிச்சா, அம்மாவாண்ட கேளு, மிளகு ரசம் வெச்சிக் குடுக்கும் என்றாய். அடுப்பில் நான் வைத்த ரசம் கொதித்துக்கொண்டிருந்தது, ம் என்றேன். நான்தான்டி என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த நிமிஷம், அம்மாவா, இன்னாம்மா விஷயம், அப்பால பேசறேன் என்று வைத்துவிடுவாய். அதனால்தான் சொல்லவில்லை. வைக்குமுன் நீ ஒன்று சொன்னாய், நான் படிச்சப்ப எங்க அம்மாதான் புக்கை வெச்சிக்கினு கேக்கும், கேள்வியோட விடையையும் சேத்துப் படிச்சிடும், அப்பால நான் இன்னாத்த சொல்றது, ஆனா பரீட்சை ஹால்ல உக்காந்தப்ப எல்லா விடையும் அம்மா குரல்லதான் வந்துச்சி என்று. இதை என்னிடம் நீ ஒருநாளும் சொன்னதில்லை ஸ்ரீமதி. அவளிடம் சொன்னாய். நான் காதில் போனை வைத்துக்கொண்டு அவளாக நின்று கேட்டேன், நீ வைத்த பிறகுதான் அடுப்பை அணைத்தேன்.

சாயங்காலம் இசக்கி வந்து போனை எடுத்துப் பார்த்தாள், நீ கூப்பிட்டதும் ரொம்ப நேரம் பேசியதும் அதில் இருந்தது. அவள் கேட்கவில்லை, நானே சொல்லிவிட்டேன். அக்காட்ட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், ஷிப்ட்டு மாறுத அன்னைக்கி போனை உங்ககிட்ட வச்சிட்டுப் போறேன், நீங்களே பேசுங்கம்மா என்றாள். பாசமாகத்தான் சொன்னாள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. நான் பெற்ற பெண்ணோடு நான் பேச அவள் தன் முறையிலிருந்து விட்டுக்கொடுக்கிறாள், பஸ்ஸில் இடம் விட்டுக்கொடுக்கிற மாதிரி. வேண்டாம்மா என்று சொல்லிவிட்டேன், அதனால்தான் இந்தக் கடிதம்.

அவளுக்குப் பரீட்சை நெருங்குகிறது, அவளுக்குக் கேட்பதை நீ நிறுத்தாதே, நான் சொல்லி நிறுத்தினாய் என்று இருக்க வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர் கோயிலில் உன் பேருக்கு அர்ச்சனை செய்தபோது அவள் பேரையும் சேர்த்துத்தான் சொன்னேன், கொஞ்சம் மெதுவாகச் சொன்னேன், ஆனாலும் சொன்னேன். இனிமேல் பேப்பரையும் அவளுக்கே முதலில் கொடுத்துவிடுகிறேன். நீ சூடாகச் சாப்பிடு, டீயோடு நிறுத்தாதே, ஸ்வெட்டரைப் பெட்டியில் வைத்திருக்காமல் போட்டுக்கொள். மேலே மேலே பிரமோஷன் வாங்கி, நோய் நொடி இல்லாமல், எல்லாரும் மெச்சும்படி நீ இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் தினம் வேண்டிக்கொள்கிறோம். ஒன்றை மட்டும் மறக்காதே. அவளுக்கு ஐந்து கேள்வி கேட்டால் எனக்கு ஒன்றாவது கேள், என் போனில், அம்மா என்று கூப்பிட்டுக் கேள். பேப்பர் படிக்காமலே இருக்கிறேன், விடை தெரியாவிட்டால் சொல்லிக் கொடுக்க உனக்கு இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்.

இப்படிக்கு
உன் அம்மா
காந்திமதி ஜெகநாதன்