வெத்துத்தாள்ல ஒரு கையெழுத்து

அக்காவுக்கு,

ஸ்டேஷன்ல நல்லாத்தான் இருக்கேனுங்க. வலது கை சரியில்ல, இடது கையில எழுதறேன். அம்மாகிட்டச் சொல்லிப்போடாதீங்க.

போலீசு வந்தப்ப வாரண்ட்டு எங்கேன்னு கேக்காம, "வாங்க, மோர் குடிங்க"ன்னு ஊட்டுக்குள்ள விட்டுப்போட்டீங்களே! என்ற பெட்டியில மில்லு ஸ்ட்ரைக் நோட்டீசு மட்டுந்தானுங்க இருந்துச்சு. அவங்க நீட்டுன வெத்துத்தாள்ல நீங்க கையெழுத்தும் போட்டுட்டீங்க. இப்ப அதுல, பெட்டியில மூணு நாட்டு வெடிகுண்டு கெடைச்சுதுன்னு எழுதிட்டாங்க.

"உங்கக்காளே சாட்சிடா"ன்னு இன்ஸ்பெக்டர் சிரிக்கறான்.

நாளைக்குக் காத்தால மாஜிஸ்ட்ரேட்டு முன்னால என்னை நிறுத்தறாங்க. வெத்துத்தாள்லதான் கையெழுத்துப் போட்டேன்னு அங்க வந்து சொல்லிருங்கக்கா. தன்னோட மில்லு வேலை போயிரும்னு மாமா தடுப்பாரு. அவருக்குத் தெரியாம சூலூர்ல மொத பஸ் ஏறிருங்க. நீங்க வரலீன்னா இவங்ககிட்டயே என்னை மறுபடியும் குடுத்துப்போடுவாங்க.

உங்க தம்பி