படிக்குக் கீழே இருக்கும் மூட்டை

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. முதலில் எழுந்து போய், மாடிப்படிக்குக் கீழே நீ கட்டி வைத்திருக்கும் எண்ணெய்த் துணி மூட்டையை வெளியே கொண்டுபோ. சூடாக இருந்தாலோ கருகல் வாடை வந்தாலோ அவிழ்த்துப் பார்க்காதே. தண்ணீரை ஊற்றி நன்றாக நனை. அதைச் செய்துவிட்டு வந்து மீதியைப் படி.

செய்திருக்க மாட்டாய். அண்ணிக்குப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு படித்துக்கொண்டேதான் இருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? போ, தம்பி.

காலையில் மரம் இறக்க வந்த லாரி டிரைவர்தான் உன்னைப் பற்றிச் சொன்னார். நாலு மாதம் கழித்து ஒரு சேதி. நீ பாலிஷ் பட்டறையில் சேர்ந்து, மேல் அறையிலேயே தங்கியிருக்கிறாயாம். "சிகரெட்ட அடியோட விட்டுட்டாரும்மா. சாயங்காலமானா எண்ணெய்த் துணிய எல்லாம் அமுக்கி மூட்டையா கட்டி, படிக்குக் கீழ வச்சுட்டுத்தான் படுக்கப் போறாரு, அவ்வளவு சுத்தம்" என்று பெருமையாகச் சொன்னார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பதினோரு தடவை போன் போட்டேன். எங்கள் நம்பர் என்றால் நீ எடுப்பதில்லை. டிரைவர் மறுபடி உன் பட்டறைக்குத்தான் வருகிறார். வாயாலும் சொல்லி அனுப்புகிறேன். அவர் சொன்னால் நீ சிரிப்பாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நம் பட்டறை உன் சிகரெட்டால் எரியவில்லை. என்னால் எரிந்தது.

மரத்துக்கு எண்ணெய் தேய்த்த துணிகளை அண்ணன் பின்பக்கக் கம்பியில் ஒவ்வொன்றாக விரித்துப் போடுவார் அல்லவா? ஏன் என்று யாருக்கும் சொன்னதில்லை. எனக்கு அது கண்ணை உறுத்தும். அன்றைக்குச் சாப்பாட்டு மேஜை பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்று, முப்பது துணிகளையும் உருவி, சாக்கில் திணித்து, காலால் மிதித்து, சோபாவுக்கு வைத்திருந்த பஞ்சுக்குப் பக்கத்தில் வைத்தேன். மதியம் அதை நகர்த்தியபோது வெதுவெதுப்பாக இருந்தது. ஜன்னல் வெயில் என்று நினைத்துக்கொண்டேன். அரை மணி நேரத்தில் புகை வந்தது.

தீயணைப்பு அதிகாரி அண்ணனிடம் கேட்டார், எண்ணெய்த் துணியை எங்காவது குவித்து வைத்திருந்தீர்களா என்று. அந்த எண்ணெய் காயும்போது தானாகவே சூடேறுமாம். குவித்து வைத்தால் சூடு வெளியே போக வழியில்லாமல், நெருப்புக் குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளுமாம். அண்ணன், என் துணி எல்லாம் கம்பியில்தான் இருந்தது என்று அடித்துச் சொன்னார். பின்பக்கம் முழுவதும் கரியாகிவிட்டதால் கம்பியில் துணி இருந்ததா என்று பார்க்க வழியில்லை, யாருக்கும் சந்தேகமும் வரவில்லை. வாசலில் நீ சிகரெட்டோடு நின்றதைப் பார்த்தவர்கள் நாலு பேர் இருந்தார்கள். அண்ணன் உன்னை அடித்தபோது நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் நாலு மாதமாக இந்த வீட்டில்தான் சமைத்துப் பரிமாறிக்கொண்டிருக்கிறது.

துணியைக் கண்ட இடத்தில் போடாதே, மூட்டையாகக் கட்டி வை என்று உன்னை எத்தனை தடவை திட்டியிருப்பேன். ஒரு நாளாவது கேட்டாயா? இப்போது போய், ஆபத்தான சமயத்தில் என் பேச்சைக் கேட்டிருக்கிறாயே, படுபாவி. இனி அண்ணன் செய்வதைப் போலச் செய். வெளியே காற்றாட ஒவ்வொன்றாக விரி.

தீயை அணைக்கப் போய் வெந்த அண்ணன் கைப் புண் ஆறிவிட்டது. இரண்டு விரல் மட்டும் முழுதாக மடங்கவில்லை. உன் பெயரை எடுத்தால் எழுந்து போய்விடுகிறார். நான் செய்ததை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

டிரைவர் ஹாரன் அடிக்கிறார். கடிதத்தை ஒட்டாமல் முதலில் அண்ணன் கையில் கொடுக்கப் போகிறேன். அதன் பிறகு இந்த வீட்டில் எனக்கு என்ன இடம் என்று தெரியாது, அது என் பாடு. நீ நல்லபடியாக இருந்தால் போதும். என்னை மன்னிப்பதை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்.

உன் உயிருக்காக வேண்டிக்கொள்ளும்
அண்ணி

(அடியில், வேறு கையெழுத்தில்)

படித்தேன். அண்ணியை ஒன்றும் சொல்லவில்லை. துணியை ஏன் விரிக்கிறோம் என்று சொல்லாதவன் நான். உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் கை நீட்டியவனும் நான்தான். லாரி திரும்பி வரும்போது முன் சீட் காலியாகத்தான் வரும் என்று டிரைவர் சொல்கிறார். ஏறிக்கொள்.

அண்ணன்