குறை சொல்ல ஆள் தேவை

6 செப்டம்பர் 2004
சென்னைப் பதிப்பாளர் போன் செய்தார். "எழுத்து சுகமா இருக்கும்மா. ஆனா விஷயம் சரியான்னு எனக்குத் தெரியாது. நாலு பேருக்குப் படிக்கக் குடுத்து, குறை கேட்டு, திருத்தி டிசம்பருக்குள்ள அனுப்புங்க. அப்பதான் அச்சுக்குப் போகும்."

கம்ப்யூட்டர் சென்டரில் ஜாவா புரோகிராமிங் சொல்லிக்கொடுக்கிறேன். புரோகிராமில் அடிக்கடி வரும் சிக்கல்களுக்குத் தயாராக இருக்கும் தீர்வுகளான டிசைன் பேட்டர்ன் என்றாலே பிள்ளைகள் இங்கிலீஷில் நெட்டுரு போட்டு ஒப்பிக்கிறார்கள், ஒன்றும் புரிவதில்லை. அதற்காகத்தான் இரண்டு வருஷம் உட்கார்ந்து இந்தப் புத்தகத்தைத் தமிழில் எழுதினேன். குறை சொல்ல ஆளா கிடைக்காது இந்த ஊரில்? நாளைக்கே ஜெராக்ஸ் போடுகிறேன்.

2 அக்டோபர்
இணையத்தில் ஒரு தமிழ்க் குழுமத்திலும் போட்டிருந்தேன். ஒருவர் வாழ்த்து சொன்னார். மற்ற எல்லாரும் சாஃப்ட்வேருக்குத் தமிழ் 'மென்பொருளா, மென்கலனா' என்று சண்டை. புத்தகத்தை ஒருத்தர்கூடத் திறந்ததாகத் தெரியவில்லை.

5 அக்டோபர்
காலை பேட்சில் சடையன்தான் கெட்டிக்காரன், அடி அண்ணாமலையிலிருந்து சைக்கிளில் வருகிறவன்.
"எப்படிப்பா இருக்குது?"
"நல்லா இருக்குதுங்க மேடம்."
"எது நல்லா இல்ல?"
"எல்லாமே நல்லா இருக்குதுங்க மேடம்."
திருப்பிக் கொடுத்த பிரதியில் ஒரு பென்சில் கீறல் இல்லை. மற்றவர்களும் அதே பாட்டுதான். டீச்சர் முகத்துக்கு நேரே எவன் தப்பு சொல்வான்? நான் மட்டும் என் வாத்தியாரிடம் சொல்லிக் கிழித்தேனாக்கும்!

9 அக்டோபர்
வீட்டில் புலம்பினேன். என் வீட்டுக்காரர் அன்பரசனுக்கு மின்வாரியத்தில் வேலை, கம்ப்யூட்டர் பக்கமே வந்ததில்லை. தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "உன் பேரை எடுத்துட்டுக் குடு. ஆளு இல்லாதப்ப தான வாய் திறக்கும்?"
இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? பெயர் போட்டிருந்த முதல் பக்கத்தை எடுத்தாயிற்று. மாலை பேட்ச் பிள்ளைகள் இன்னும் இதைப் பார்க்கவில்லை. யாரோ மெட்ராஸ்காரர் எழுதியது என்று அவர்களிடம் கொடுக்கப் போகிறேன்.

17 அக்டோபர், ஞாயிறு
அப்பப்பா! கிழி கிழியென்று கிழித்துவிட்டார்கள்.
"ஒரே விஷயத்தை மூணு தடவை சொல்றாரு மேடம்." "புரோகிராமை ஓட்டியே பாக்கல போல, எரர் அடிக்குது." "ஜோக்கு ஜாஸ்தி, விளக்கம் கம்மி."
மனுஷி நான், தலையாட்டிக்கொண்டே குறிப்பெடுத்தேன். சந்தோஷமா, வயிற்றெரிச்சலா? இரண்டும்தான்.

பிறகு தேவிப்ரியா மலைத் தீபத்தில் கைவைத்தாள். நான் ஆசை ஆசையாக எழுதிய அத்தியாயம் அது. ஆப்சர்வர் பேட்டர்ன் என்றால், ஒரு இடத்தில் ஏதாவது நடந்ததும், முன்கூட்டியே பெயர் கொடுத்து வைத்தவர்களுக்கெல்லாம் அந்த இடமே தகவல் சொல்லிவிடும். அதற்கு உதாரணம் — மலையில் தீபம் ஏற்றியதும் ஊரே விளக்கேற்றுவது.
"தப்பு மேடம். மலை யார் பேரையும் வாங்கி வெச்சிக்கல, யாருக்கும் சொல்லி அனுப்பல. நாம தான் மாடில நின்னு எட்டி எட்டிப் பாக்கறோம். இந்தாளு தீபமே பாத்ததில்ல போல."
"யாருடி பாத்ததில்ல? பொறந்ததுலேருந்து பாக்கறேன் நான்!"
வாயிலிருந்து வந்தேவிட்டது. தேவிப்ரியாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "சாரி மேடம்... நல்லா தான் இருக்குது மேடம்."
போச்சு. எல்லாம் போச்சு.

18 அக்டோபர்
அவள் சொன்னது சரி. அதுதான் எரிகிறது! அத்தியாயத்தை எடுத்துவிட்டால் புத்தகத்துக்கு உயிரே இல்லை. வேறு உதாரணம்? எதுவும் வரமாட்டேன் என்கிறது. தேவிப்ரியா இன்று வகுப்புக்கு வரவில்லை.

20 அக்டோபர்
இன்று வந்தாள். கையோடு காபிக் கடைக்குக் கூட்டிப்போனேன். "நீ சொன்னதுதான் சரி. கத்தினது என் தப்பு. இனிமே தப்பு சொன்னா திட்டு இல்ல, காபி."
பாதி டம்ளர் வரை யோசித்தாள். "அப்ப இன்னும் நாலு இருக்குது மேடம், சொல்லட்டுங்களா?"
கழுதை!

9 நவம்பர்
மற்றதெல்லாம் திருத்தியாகிவிட்டது. தீபம் மட்டும் அப்படியே நிற்கிறது.

26 நவம்பர், தீபம்
தெருவில் கால் வைக்க இடமில்லை. காலையிலேயே பின்தெரு ரேணுகாம்பாள் வந்தார். அவர் வீட்டுக்கு முன்னால் புதிதாக ஒரு லாட்ஜ் எழும்பி மலையை மறைத்துவிட்டது. "தம்பி, ஏத்தினதும் எனக்கு ஒரு குரல் குடுங்க, அகலோட நிக்கறேன்" என்று அன்பரசனிடம் சொல்லிவிட்டுப் போனார். மலை தெரியாத இன்னும் சில வீட்டுக்காரர்களும் சொல்லி வைத்தார்கள். எங்கள் மாடியிலிருந்துதான் மலை முழுசாகத் தெரியும்.

சாயங்காலம் உச்சியில் சுடர் தெரிந்ததும் ஊரே "அரோகரா" என்றது. இவர் கைகூப்பினார், உடனே மாடியின் பின்பக்கம் ஓடினார். "ரேணுகாக்கா, ஏத்தியாச்சு!" அங்கே விளக்கு எரிந்தது. ஒவ்வொரு வீடாகக் கூப்பிட, ஒவ்வொரு வாசலாக எரிந்தது. கடைசியில் எதிர்வீட்டைப் பார்த்து, "பலராமண்ணே! ஏத்தியாச்சு! பலராமண்ணே!" என்று தொண்டை கிழியக் கத்துகிறார். பதிலே இல்லை. வீடு பூட்டிக் கிடக்கிறது. போன வருஷம் சொல்லி வைத்த மனுஷர், இந்த வருஷம் போளூரில் மகள் வீட்டில்.
"ஊருக்குப் போறவரு, நம்மள கூப்பிட வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போக மாட்டாரா?" என்று என்னிடம் கோபித்துக்கொண்டார்.
நான் சிரிக்கிற சிரிப்பில் கையிலிருந்த அகல் எண்ணெயெல்லாம் புடவையில். மலை இல்லை! இவர்தான்! பெயரை வாங்கி வைத்துக்கொண்டு, நடந்ததும் ஆளாளுக்குச் சொல்கிற என் வீட்டுக்காரர்தான் பேட்டர்ன்! அண்ணாமலையாரே, மன்னிச்சுக்கோங்க, உங்களைச் சரியாகக் கும்பிடக்கூட இல்லை.

28 நவம்பர்
தேவிப்ரியா புது அத்தியாயத்தைப் படித்தாள். "பூட்டின வீடு தான் மேடம் டாப்பு. குடுத்து வெச்ச பேரை எடுக்காம விட்டா என்ன ஆகும்னு இப்பதான் புரியுது." பிறகு, "ஆனா புரோகிராம்ல ஒண்ணு..." என்றாள். காபி.

14 டிசம்பர்
அனுப்பிவிட்டேன். கை லேசாக இருக்கிறது.

10 ஏப்ரல் 2005
புத்தகம் வந்துவிட்டது. அட்டையில் என் பெயர். அன்பரசன் தன் அத்தியாயத்தை மட்டும் ஆபீசுக்கெல்லாம் காட்டப்போகிறாராம்.

வகுப்பில் கையிலிருந்து கைக்குப் போயிற்று. எல்லாரும் கிளம்பிய பிறகும் சடையன் மட்டும் சுவரோரம் நின்று புரட்டிக்கொண்டிருந்தான். எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.
சைக்கிள் சாவியை உருட்டிக்கொண்டே பக்கத்தில் வந்தான். "மேடம்... தேவிப்ரியா அக்கா சொன்னாங்க, தப்பு சொன்னா திட்ட மாட்டீங்கன்னு."
"ம்."
"எழுபதாம் பக்கத்துல ஒண்ணு இருக்குதுங்க."
பார்த்தேன். இருந்தது. அச்சிலேயே ஏறிவிட்டது. ஆனாலும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.
"வா, காபி சாப்பிட்டுக்கிட்டே பேசலாம்," என்றேன். "வேற என்னென்ன இருக்குது?"