நாலு விரல் மண்ணீரல்

1935 ஜனவரி 7, திங்கள்

பனி. எட்டு மணிக்கும் கலஹா ரோடு தெரியல. தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரி வாசல்ல காய்ச்சக்காரங்க வரிசை, பத்தரை வரைக்கும். கொயினா மருந்து ரெண்டு ஜாடி காலி. கீழ மகாவலி வத்தி குட்டை குட்டையா கெடக்குதாம், அங்கருந்துதான் காய்ச்சல் மேல ஏறுதுன்னு பேச்சு.

பரீட்சைக்கு ஒன்பது நாள். கண்டியில, பெரிய டாக்டர் முன்னால. வாயாலயே கேப்பாராம். அப்புறம் ஒரு நோயாளி வயித்துல கை வைக்கச் சொல்வாராம். தேறினா நான் மருந்து கலந்து குடுக்கற டிஸ்பென்சர். இல்லாட்டி ஆயுசுக்கும் போத்தல் கழுவ வேண்டியதுதான்.

மனப்பாடம் –
சீரணம்: வாய், உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல். கூட ஈரல்.
ரத்த ஓட்டம்: இருதயம், 4 அறை. நாடி, நாளம்.
சுவாசம்: நுரையீரல் 2. வலது 3 மடல், இடது 2.
கழிவு: சிறுநீரகம் 2.
மூளை, நரம்பு – நாளைக்கு.
மண்ணீரல் எதுல சேரும்? புத்தகத்துல ஒரே வரி.

டிஸ்பென்சர் ஐயாகிட்ட கேட்டேன். யாழ்ப்பாணத்து மனுசன், எனக்கு மேல உள்ளவர். கெட்டுப்போன ரத்தத்தை அழிக்கிற இடமாம். காய்ச்சல் காலத்துல வேலை கூடி வீங்குமாம். இந்த வருசம் நிச்சயம் அதைத்தான் கேப்பாங்கன்னாரு.

9, புதன்

என் மக தங்கத்துக்குக் காய்ச்சல் விட்டு ஆறு நாள். மண்ணீரல் வீங்குன கட்டி மட்டும் கரையல. இடது விலாவுக்குக் கீழ நாலு விரல் அகலம். வீட்டுலயே மண்ணீரல் இருக்கறப்ப பழக வேற எங்க போக?

பலகையில படுக்க வச்சு, முழங்காலை மடக்கி, மூச்சு இழுன்னேன். மூச்சு இழுக்கறப்ப அதோட விளிம்பு கீழ எறங்கி விரல்ல முட்டும். முட்டுச்சு. சந்தோசம். விளிம்புல ஒரு பள்ளம் இருக்கணும், அது கைக்குப் பட்டாத்தான் மண்ணீரல்னு அடிச்சுச் சொல்லலாம். பள்ளம் அகப்படல. தங்கம் கூசுதுன்னு சிரிச்சா. ஏழு வயசு.

ஐயா பாத்துட்டு, "அமத்தாதை தம்பி. பழுத்த பப்பாசி மாதிரி இருக்கும்"ன்னாரு. தலையாட்டினேன்.

என் சம்சாரம் அன்னம் பழைய பல்லவி. கூலிக்காரங்க லைன் வீடுகள்ல எந்தப் புள்ளைக்கு வயிறு ஊதினாலும் ஒரே வைத்தியம்: குடல் மேல ஏறிருச்சு, வெளக்கெண்ணெ போட்டுத் தடவி எறக்கணும். அவ சின்னம்மா பாக்கியம் அதுல கைராசிக்காரியாம். நான் உயிரோட இருக்கற வரைக்கும் தங்கம் வயித்துல எவளும் கை வைக்கக் கூடாதுன்னுட்டேன். ஏன்னு கேட்டா. படிச்சவன் சொல்றேன், கேளுன்னேன்.

அமத்தினா வெடிக்கும்னு காரணம் சொல்லியிருக்கலாம். வாய்க்கொழுப்பு.

11, வெள்ளி

வெயில். அன்னம் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா. சோறு மட்டும் வருது, பேச்சு இல்ல. புள்ள ரெண்டு வாய்க்கு மேல திங்கல.

நரம்பு முடிச்சேன். கழிவு திரும்பப் படிக்கணும்.

அன்னம் பீலிக்குத் தண்ணிக்குப் போன நேரம் தங்கத்தைப் படுக்க வச்சேன். பள்ளம் இன்னிக்கும் இல்ல. மூணு தடவை. கடைசியில அழுதா. கல்கண்டு குடுத்து, அம்மாகிட்ட சொல்லாதடி கண்ணுன்னேன். என்னத்துக்கு அப்படிச் சொன்னேன்?

13, ஞாயிறு

கண்டி ஆஸ்பத்திரி விறாந்தை. நடந்ததை வரிசையா எழுதினாத்தான் தலை நிக்கும்.

காலை ஏழு. பள்ளம் அகப்பட்டுச்சு. நல்லா உள்ள விட்டு அழுத்தித்தான். வலிக்குதுப்பா, வலிக்குதுப்பான்னு கையப் புடிச்சா. இன்னும் ஒரே தடவைன்னு திரும்ப அழுத்தினேன். நான்தான். இந்தக் கைதான்.

எட்டுக்கு வேலைக்குப் போயிட்டேன். நெஞ்சு நிறைய பெருமை.

பத்து மணி வாக்குல புள்ள சுருண்டு படுத்திருக்கா. அன்னம் பயந்து லைனுக்குத் தூக்கிட்டு ஓடியிருக்கா, சின்னம்மாகிட்ட. பத்தரைக்கு ஆள் வந்துச்சு. போய்ப் பாக்கறேன்: முகம் வெளுத்து, வேர்த்து, நாடி கைக்குப் பிடிபடல. இடது தோள் வலிக்குதுங்கறா. வயித்துல மண்ணீரல் வெடிச்சா தோள்ல வலிக்கும், ஐயா சொல்லிக் குடுத்த பாடம். ஐயா ஒரே பார்வை பாத்துட்டு லொறியக் கொண்டாங்கன்னு கத்தினாரு. பேராதனை வழியா கண்டி வரைக்கும் மடியில போட்டு வந்தேன். ஒவ்வொரு வளைவுலயும் முனகினா.

ரெண்டு மணிக்கு ஆபரேசனுக்கு உள்ள கொண்டு போனாங்க. இப்ப நாலு. எம்பெருமானே.

14, திங்கள்

பொங்கல். உயிர் இருக்கு.

மண்ணீரலை எடுத்துட்டாங்க. அது இல்லாம வாழலாம்னு டாக்டர். வயித்துல தேங்குன ரத்தம்தான் ஆபத்து, ரெண்டு நாள் தாண்டணும்.

யாரு வயித்தைத் தொட்டதுன்னு டாக்டர் கேட்டாரு. பின்னாலயே பஸ்ல வந்திருந்த சின்னம்மா கையெடுத்துக் கும்பிட்டு, "நான்தாங்க சாமி"ன்னா. அப்புறம் அன்னத்துகிட்ட அழுதா: எண்ணெ தொட்டு விரல் வச்சதுதான், தடவவே இல்ல, அதுக்கு முன்னயே வயிறு கல்லு மாதிரி இருந்துச்சு. அன்னம் திரும்பிக்கூடப் பாக்கல.

நான் பக்கத்துலதான் நின்னேன். வாயத் திறக்கல.

15, செவ்வாய்

தங்கம் தண்ணி கேட்டா. பஞ்சுல நனைச்சு உதட்டுல வச்சோம். காய்ச்சல் கொஞ்சம். நாடி பரவால்ல.

ஐயா வந்தாரு. புள்ளையக் கொல்லப் பாத்தவ தோட்டத்துல இருக்கக் கூடாதுன்னு பெரிய கங்காணி சொல்லிட்டாராம். வியாழக்கிழமை விடிய பாக்கியம் சின்னம்மா கணக்கு முடிச்சு வெளிய போகணும். முப்பது வருசமாக் கொழுந்து எடுத்தவ. புருசன் இல்ல, புள்ள இல்ல, போக்கிடம் இல்ல.

சொன்னா: பரீட்சை போச்சு, வேலையும் போகும். அன்னம் என் மூஞ்சியில முழிக்க மாட்டா.
சொல்லாட்டி: சின்னம்மா நடுத்தெருவுல.

அவளும்தான் விரல் வச்சா, அவ விரலாலயும் வெடிச்சிருக்கலாம்ல? எழுதறப்பவே வெக்கமா இருக்கு. சீ.

16, புதன்

பரீட்சை முடிஞ்சுது. இருதய அறை, நுரையீரல் மடல், எல்லாம் சொன்னேன். மண்ணீரலுக்கு என்ன வேலைன்னு பெரிய டாக்டர் கேட்டாரு. அதுவும் சொன்னேன், தண்ணி பட்ட பாடு. அப்புறம் கட்டில்ல ஒரு கிழவர். மண்ணீரல் எத்தனை விரல், அழுத்திப் பாத்துச் சொல்லுன்னாரு.

கை வச்சேன். அழுத்த வரல. நல்லா அழுத்துன்னாரு. மாட்டேங்கன்னேன். மூக்குக் கண்ணாடிக்கு மேல பாத்தாரு, ஏதோ எழுதிக்கிட்டாரு. தேறினேனா இல்லையான்னு தெரியல. அதைக் கேக்கவும் நிக்கல.

நேரா வார்டுக்கு. தங்கம் கண்ண மூடி இருந்தா. நின்னபடிக்கே அன்னத்துகிட்ட எல்லாத்தையும் சொன்னேன், கல்கண்டு வரைக்கும். அழுவா, அடிப்பான்னு பாத்தேன். அவ போர்வையச் சரி பண்ணிக்கிட்டே, "தெரியும். தங்கம் நேத்தே சொல்லிருச்சு"ன்னா.

நீ ஏன் இதை வெளிய சொல்லலன்னு கேட்டேன்.

"ஒங்க பரீட்சை முடியட்டும்னுதான். அதுக்காகச் சின்னம்மா மேல பழி விழ விட்டேன். நீங்க மட்டும் பாவின்னு நெனச்சுக்காதீங்க."

அப்புறம், கலஹாவுக்குக் கடைசி பஸ் நாலரைக்கு, கங்காணியப் பாக்கறதுக்கு முன்ன லைனுக்குப் போய்ச் சின்னம்மாவப் பாருங்கன்னா.

பஸ் ஸ்டாண்டுல இருக்கேன். நாலு இருபது. சின்னம்மா கதவத் திறந்ததும், உள்ள வாங்க தம்பின்னுதான் சொல்லுவா.